கை நழுவ விடாதீர்கள்

மனநலத் தொண்டுக்கு வரும் இளையோருக்குச் சில அறிவுரைகள்

தில்லியில் இந்தத் தொண்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் பல ரகம். சமூகப்பணி படித்துவிட்டு ஜாமியாவிலிருந்தோ தில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தோ வருகிறவர்கள் உண்டு. பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு பகல் முழுக்கக் கையில் மிஞ்சிக் கிடக்கும் அம்மாக்கள் உண்டு. சொந்த அண்ணனுக்கு நோய் வந்து, அதைப் புரிந்துகொள்ள வருகிறவர்களும் உண்டு. எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "எந்தப் புத்தகம் படிக்கணும்?" படியுங்கள். ஆனால் அதற்கு முன் இங்கே நமக்கு என்ன வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

முற்றிய நிலையில் வரும் நோயை அடக்குவது மருத்துவரின் வேலை. சில வாரங்களில் அவர் அதைப் பெரும்பாலும் செய்துவிடுவார். பிறகு ஒரு சீட்டும் ஒரு பை மாத்திரையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். அடுத்த ஐந்து வருஷம், பத்து வருஷம் அந்த மனிதர் எங்கே இருக்கிறார், யாரோடு பேசுகிறார், காலையில் எதற்காக எழுந்திருக்கிறார் என்பதெல்லாம் நம் வேலை. அந்த நீண்ட காலத்தில்தான் ஆட்கள் கை நழுவிப் போகிறார்கள். நழுவாமல் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஊரின் பழைய கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

கிழக்குத் தில்லியில் ஒரு வீட்டுக்குப் போய் "தில்ஷாத் கார்டன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம்" என்று சொல்லிப் பாருங்கள், பெரியவர்களின் முகம் மாறும். 1966-ல் ஷாதராவில் தொடங்கிய மனநோய் மருத்துவமனை அது. 'பாகல்கானா', அதாவது பைத்தியக்கார ஆஸ்பத்திரி, என்ற பெயர்தான் ஜனங்கள் வாயில் நிலைத்தது. அங்கிருந்த நிலைமை பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதன் பிறகு 1993-ல் அது இஹ்பாஸ் என்ற தன்னாட்சி நிறுவனமாக மாறியது. இன்று அங்கே காலையில் வந்து, மருத்துவரைப் பார்த்து, மருந்து வாங்கிக்கொண்டு அன்றே வீடு திரும்புகிற கூட்டம்தான் பெரிது. இதை விளக்கிச் சொன்னால் குடும்பத்தின் பயத்தில் பாதி குறையும்.

இன்னொரு கதையும் தெரிந்திருக்கட்டும். 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் ஒரு காரியம் செய்தார். நோயாளிகளின் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். நோயை அவர்கள் கண்ணெதிரே பார்த்தார்கள், மருந்தால் அது குறைவதையும் பார்த்தார்கள், தேறியவரைத் தாங்களே கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். கொண்டுவந்து விட்டவர்கள் திரும்பிப் பார்க்காமல் போவதே வழக்கமாக இருந்த காலம் அது. நேரு நகரில் இருக்கும் விம்ஹான்ஸ் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கியதுதான். 'சமூக ஆதரவு' என்பதை வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

2. ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே இடம்

எல்லா அறிவுரைகளிலும் இதைத்தான் முக்கியமாகச் சொல்வேன். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு வருவேன் என்றால் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அங்கே இருங்கள். மழை, ஜனவரிப் பனிமூட்டம், ஊர்வலத்தால் சாலை அடைப்பு எதுவானாலும் உங்களில் ஒருவராவது போய்ச் சேருங்கள். மனச்சிதைவு நோயில் இருப்பவருக்கு உலகத்தின் மேல் நம்பிக்கை குலைந்து போயிருக்கும். யாரோ தன்னைத் துரத்துவதாகவும் ஏமாற்றுவதாகவும் தோன்றும். அவரிடம் "என்னை நம்புங்கள்" என்று சொல்லிப் பயனில்லை. சொன்ன நாளில் வந்து நின்றால் கொஞ்சம் கொஞ்சமாக நம்புவார்.

இதற்கு நல்ல சான்று ஜாமா மசூதிப் பக்கம் நடந்த தெருவோரச் சிகிச்சை. வீடற்றவர்களுக்காக உழைக்கும் ஆஷ்ரய் அதிகார் அபியான் அமைப்பும் இஹ்பாஸ் மருத்துவர்களும் சேர்ந்து நடத்தியது. நடைபாதையில் படுப்பவர் ஏன் தில்ஷாத் கார்டன் வரை வருவதில்லை என்று யோசித்துப் பாருங்கள். போனால் அன்றைய கூலி போகும். மூட்டையையும் போர்வையையும் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. பதிவுச் சீட்டு எழுதுகிறவர் முகவரி கேட்பார், அதுவும் கிடையாது. அதனால்தான் மருத்துவர் அவர் படுக்கும் இடத்துக்கு வரவேண்டியிருந்தது. ஒரு முறை வந்து போவது முகாம். அதே நாளில் திரும்பத் திரும்ப வருவதுதான் சிகிச்சை. நம் திட்டங்களில் பல முதலாவதோடு நின்றுவிடுகின்றன.

3. மருந்தை எதிர்த்துப் பேசாதீர்கள். மருந்தோடு நின்றுவிடவும் செய்யாதீர்கள்

நோய் திரும்பி வருவதற்கு முதல் காரணம் மாத்திரையைத் தானாக நிறுத்துவது. ஏன் நிறுத்தினார் என்று கேட்காமல் "ஒழுங்கா சாப்பிடணும்" என்று உபதேசம் செய்கிறவர்கள் அதிகம். தூக்கம் அழுத்தும், கை நடுங்கும், உடம்பு பருக்கும், சில மருந்துகளால் சர்க்கரை ஏறும். ஆண்களில் சிலருக்கு வெளியே சொல்லக் கூச்சப்படும் தொந்தரவுகள் வரும். இவற்றைப் பொறுமையாகக் கேட்டு ஒரு தாளில் எழுதி அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், தினசரி மாத்திரைக்குப் பதில் சில வாரங்களுக்கு ஒரு ஊசி போடலாம். அவசரமாக ஓடும் ஓபிடியில் நோயாளி இதையெல்லாம் சொல்ல வாய் திறப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

தில்லியில் வேலை செய்கிறவர்கள் கோடைக்காலத்தை மறக்கக் கூடாது. லித்தியம் சாப்பிடுகிறவருக்கு மே, ஜூன் மாதத்து 'லூ' என்ற அனல் காற்றில் உடம்பில் நீர் வற்றினால், ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறி நஞ்சாகிவிடும். வாந்தி, பேதி, கடுமையான நடுக்கம், தள்ளாட்டம், பேச்சுக் குழறல் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வேறு சில மனநோய் மருந்துகளும் வெப்பத்தைத் தாங்கும் சக்தியைக் குறைக்கும். தகரக் கூரை வீட்டில் இருப்பவரிடம் தண்ணீர்க் குடம் இருக்கிறதா என்று பார்ப்பதும் மனநலப் பணிதான்.

4. கோயிலுக்கும் தர்காவுக்கும் போகிறவர்களைக் கேலி செய்யாதீர்கள்

உங்களிடம் வரும் பாதிப் பேர் முதலில் ராஜஸ்தானில் இருக்கும் மேஹந்திப்பூர் பாலாஜிக்குப் போய் வந்தவர்களாக இருப்பார்கள். தமிழ்க் குடும்பமானால் குணசீலத்தில் ஒரு மண்டலம் தங்கியிருப்பார்கள், அல்லது ஏர்வாடிக்குப் போயிருப்பார்கள். அங்கே யாரும் அவர்களை முகம் சுளித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். தங்க இடமும், தங்களைப் போன்ற இன்னொரு குடும்பத்தின் பேச்சுத் துணையும் கிடைத்திருக்கும். நம் மையத்தில் அதெல்லாம் கிடைக்கிறதா என்று பாருங்கள். குஜராத்தின் உனாவாவில் மீரா தாத்தார் தர்காவில் துவாவும் (பிரார்த்தனையும்) தவாவும் (மருந்தும்) சேர்ந்தே நடக்கட்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். பிரார்த்தனை செய்விக்கும் முஜாவர்களே மருத்துவரிடம் அனுப்பிவைத்தார்கள். வணங்குகிறவரோடு சண்டை போடாமல் வேலை நடந்தது.

ஆனால் ஒரு எல்லை உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் போனவர்கள் உட்பட 28 பேர் இறந்தார்கள். சங்கிலி போடுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் தடை செய்திருக்கிறது. வீட்டிலோ வழிபாட்டிடத்திலோ யாரையாவது கட்டிவைத்திருந்தால் நாசூக்குப் பார்க்காதீர்கள், அன்றே நடவடிக்கை எடுங்கள்.

5. குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதீர்கள்

வீட்டில் ஓயாத குறைகூறலும் வெறுப்பும் இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று லண்டனில் முதலில் கண்டார்கள். 1980-களில் அதே அளவுகோலைக் கொண்டு சண்டீகரில் பார்த்தபோது, லண்டனைவிட இங்கே குறைகூறும் குடும்பங்கள் குறைவாக இருந்தன. கிராமத்தில் இன்னும் குறைவு. நம் குடும்பங்களிடம் ஒரு பொறுமை இருக்கிறது. அது வற்றிவிடாமல் காப்பதுதான் நம் பொறுப்பு. இரண்டு அறை அரசுக் குவார்ட்டர்ஸில் இரவெல்லாம் உலாத்தும் பிள்ளையோடு வாழும் அம்மா காலையில் கத்தினால், "கத்தாதீங்கம்மா" என்று பாடம் எடுக்காதீர்கள். அவர் இரண்டு மணி நேரம் தூங்க என்ன வழி என்று பாருங்கள்.

குடும்பங்களை ஒன்றோடொன்று சந்திக்க வையுங்கள். சென்னையில் 1989-லேயே இப்படிப்பட்ட குடும்பத்தார் சேர்ந்து 'ஆஷா' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அத்தகைய கூட்டங்கள் எல்லாவற்றிலும் கடைசியில் ஒரு கேள்வி வரும்: "எங்க காலத்துக்கு அப்புறம் இவனை யார் பார்த்துக்குவா?" அதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லாதீர்கள். தம்பி தங்கைகளைக் கூப்பிட்டு இப்போதே பேசுங்கள். வங்கிக் கணக்கு, மருந்து விவரம், வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கின்றன என்று எழுதிவைக்கச் சொல்லுங்கள். போக்கிடமே இல்லாதவர்களுக்காகச் சென்னையின் 'பான்யன்' அமைப்பு 2015-ல் 'ஹோம் அகெய்ன்' திட்டத்தைத் தொடங்கியது. சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீடு, அதில் சிலர் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டு வாழ்கிறார்கள், கூடத் துணையாக ஒரு பணியாளர் இருக்கிறார். வருஷக்கணக்கில் மருத்துவமனை வார்டிலேயே கிடந்தவர்கள் அப்படிக் குடித்தனம் நடத்துகிறார்கள்.

6. வேலை என்றால் கூலி தரும் வேலை

பல மையங்களில் மெழுகுவர்த்தியும் காகிதப் பையும் செய்யச் சொல்லிக் கைதட்டுவார்கள். தொடக்கத்தில் அது சரி. உட்காரப் பழகவும் நேரத்துக்கு வரவும் உதவும். வருஷக்கணக்கில் அதையே செய்யச் சொன்னால் அது பொழுதுபோக்கு. பி.காம் படித்தவருக்குக் கணக்கு எழுதும் வேலையையும், தையல் தெரிந்தவருக்குத் தையல் கடையையும் தேடுங்கள். முதலில் அரை நாள் வேலை போதும். இரவுப் பணி வேண்டாம், தூக்கம் கெட்டால் எல்லாம் கெடும். முதலாளியிடம் நோயைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்பதை வேலைக்குப் போகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்கள் அல்ல.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் அடங்கும். பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் சான்றிதழை வைத்து அரசு வேலை ஒதுக்கீடு முதலிய சலுகைகளைக் கேட்கலாம். ஆனால் கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் சான்றிதழ் என்றாலே கதவைச் சாத்துவார்கள். லாபம், தயக்கம் இரண்டையும் பேசுங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

7. மீண்டு வந்தவர்களுக்கு மேடை வேண்டாம், நாற்காலி கொடுங்கள்

அக்டோபர் 10, உலக மனநல நாள் வந்தால் போதும், தேறிய ஒருவரை மேடையேற்றிக் கதை சொல்ல வைப்பார்கள். மறுநாள் அவர் பேட்டைக்கே விஷயம் தெரிந்துவிடும். அதைவிட அவரை உங்கள் பக்கத்தில் சம்பளத்தோடு உட்காரவையுங்கள். "எனக்கும் குரல்கள் கேட்டன" என்று அவர் சொன்னால் புதிதாக வந்தவர் நிமிர்ந்து உட்காருவார். அதே வார்த்தைக்கு உங்கள் வாயில் அந்த எடை வராது. நியூயார்க்கில் 1948-ல் உருவான ஃபவுண்டன் ஹவுஸ், மனநோய் மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தவர்கள் நூலகப் படிக்கட்டில் சந்தித்துப் பேசிக்கொண்டதிலிருந்து பிறந்தது. அங்கே யாரும் நோயாளி அல்ல, எல்லோரும் உறுப்பினர்கள்.

8. உங்களால் முடிவதும் முடியாததும்

டாக்டர் பட்டம் இல்லையே என்று குறுகிப் போகாதீர்கள். தில்லியின் சஞ்சீவினி அமைப்பு 1976 முதல் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களைக் கொண்டே இலவச ஆலோசனை வழங்கிவருகிறது. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரம் ஆகிய மூன்று இடங்களில் மனச்சிதைவு நோய் உள்ள 282 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2014-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான மருத்துவச் சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அதோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீட்டுக்குப் போய்ப் பேசி, மருந்து, குடும்பம், வேலை எல்லாவற்றையும் கவனித்தார். ஓராண்டு முடிவில் இந்த இரண்டாவது பிரிவில் நோய்க்குறிகளும் முடக்கமும் கூடுதலாகக் குறைந்திருந்தன. பெரிய வித்தியாசம் இல்லை, மிதமானதுதான். ஆனால் அந்த மிதமான வித்தியாசத்தில் ஒரு மனிதர் தானே குளித்து, கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவார்.

எல்லையையும் சொல்லிவிடுகிறேன். சாகப் போகிறேன் என்று சொல்கிறவர், சாப்பாடு தண்ணீரை விட்டவர், பிரசவமான சில நாட்களில் குழம்பிப்போய்ப் பேசும் பெண், காய்ச்சலோடு பிதற்றுகிறவர் ஆகிய எல்லோரும் உடனே மருத்துவரிடம் போக வேண்டியவர்கள். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் இலவச எண் 14416, இரவிலும் எடுப்பார்கள். அந்த எண்ணை எல்லா வீட்டிலும் எழுதிக் கொடுங்கள்.

9. சட்டத்தை மனப்பாடமாக வைத்திருங்கள்

2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. நமக்கு அன்றாடம் பயன்படும் பிரிவுகள் சிலதான். குடும்பம் இல்லை, வீடு இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது, சமூகத்தோடு வாழ்வது அவர் உரிமை என்கிறது 19-ஆம் பிரிவு. தெருவில் திரியும் மனநோயாளியைக் காவல் நிலையம் தன் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது, குடும்பத்தைத் தேடவும் வேண்டும் என்கிறது 100-ஆம் பிரிவு. தற்கொலைக்கு முயன்றவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 115. நலமாக இருக்கும்போதே, மீண்டும் நோய் முற்றினால் தனக்கு என்ன சிகிச்சை வேண்டும், என்ன வேண்டாம் என்று ஒருவர் எழுதிவைக்க 5-ஆம் பிரிவு இடம் தருகிறது. காவல் நிலையத்தில் குரலை உயர்த்த வேண்டாம். பிரிவு எண்ணைச் சொல்லி, பணிவாக, எழுத்தில் கேளுங்கள்.

10. அவரவர் மொழியில் பேசுங்கள்

தில்லியில் நாற்பது வருஷம் இருந்தவரும் நோய் முற்றினால் தாய்மொழிக்குத்தான் திரும்புவார். திரிலோக்புரியில் வீட்டு வேலை செய்யும் தமிழ்ப் பெண்ணிடம் இந்தியில் கேட்டால் "டீக் ஹூம்" (நல்லா இருக்கேன்) என்று முடித்துவிடுவார். "தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டால் அழுவார். வசதியான தமிழ்க் குடும்பங்களில் சிக்கல் வேறு. மலை மந்திர் கோயிலிலும் தமிழ்ச் சங்கத்திலும் தெரிந்தவர்கள் இருப்பார்களே என்று பயந்து தமிழ் பேசும் தொண்டரையே தவிர்ப்பார்கள். அங்கே இந்திக்காரரை அனுப்புங்கள். யார் வேண்டும் என்று அவர்களையே கேட்பது இன்னும் நல்லது. ரயில் ஏறி வழிதவறி வந்து தில்லி நடைபாதையில் கிடப்பவர்களிலும் நம் ஊர்க்காரர் உண்டு. ஊர்ப் பெயரைக்கூடச் சொல்லத் தெரியாதவர் சாமி பெயரைச் சொல்வார், அருகில் இருந்த சினிமாக் கொட்டகையைச் சொல்வார். அதைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கண்டுபிடிக்கலாம்.

11. மறுபடி வந்தால் தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள்

தேறியவருக்கு மீண்டும் நோய் வரலாம். வருவதற்கு முன் அறிகுறி தெரியும், ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரி. ஒருவருக்குத் தூக்கம் குறையும், இன்னொருவர் குளிப்பதை நிறுத்துவார், வேறொருவர் திடீரென்று கைமீறிச் செலவு செய்வார். நன்றாக இருக்கும்போது அவரோடும் வீட்டாரோடும் உட்கார்ந்து அந்த அறிகுறிகளை எழுதிவையுங்கள். அடுத்த முறை மூன்று மாதம் வார்டில் கிடக்க வேண்டியது மூன்று நாள் மருந்து மாற்றத்தோடு தீரலாம். மையத்துக்கு வருவதை நிறுத்தியவரின் பெயரை ஏட்டிலிருந்து அடிக்காதீர்கள். இரண்டு வாரம் வரவில்லை என்றால் வீட்டுக்கு ஒருவர் போக வேண்டும். நிதி கொடுக்கிறவர்கள் எத்தனை பேர் வந்தார்கள் என்றுதான் கேட்பார்கள். வராதவர்கள் எத்தனை பேர், அவர்களைத் தேடி யார் போனார்கள் என்று நீங்கள் கேளுங்கள்.

12. நீங்கள் போகும்போது

புதிய வீட்டுக்குத் தனியாகப் போகாதீர்கள். சொந்தப் பணத்தைக் கடன் கொடுக்காதீர்கள், அது உறவைக் கெடுக்கும். உங்களுக்குத் தூக்கம் வராத நாள்களில் பெரியவர்களிடம் சொல்லுங்கள், இந்த வேலையில் அது வெட்கமில்லை.

உங்களில் பலர் இரண்டு வருஷத்தில் மேற்படிப்புக்கோ பெங்களூர் வேலைக்கோ போய்விடுவீர்கள். போகலாம், தப்பில்லை. ஆனால் திடீரென்று காணாமல் போகாதீர்கள். நீங்கள் ஒரே கிழமையில் ஒரே நேரத்துக்கு வந்து சம்பாதித்த நம்பிக்கை உங்களோடு போய்விட்டால் அந்த மனிதர் பழையபடி நழுவுவார். இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லுங்கள். அடுத்து வரப்போகிறவரை உங்களோடு நாலைந்து முறை கூட்டிப்போய் உட்காரவையுங்கள். அந்த வீட்டு மனிதர் என்ன மருந்து சாப்பிடுகிறார், எதற்குக் கோபப்படுவார், டீயில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்பது வரை ஏட்டில் எழுதிக் கொடுங்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அந்த வீட்டுக் கதவைத் தட்ட ஒருவர் இருக்கிறார் என்று உறுதியான பிறகு டிக்கெட் எடுங்கள்.